அங்காடியிற் கண்ணோட்டம்

கண்ணோட்டம் என்னும் சொல்லை இக்காலத்தார் நோக்கு, கருத்து என்னும் பொருள்களிலேயே பெரிதும் வழங்குகின்றனர். பழைய வழக்கில் அஃது எதிர்ப்பட்டார்மேற் கண் சென்றவழி உள்ளமும் உடன்சென்று இளகுதலை உணர்த்துவது. உலகியலில் அதனைத் தாட்சணியம் என்ப. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை இல்லறவியலில் வையாது பொருட்பாலில் அரசியலுள் வைத்தமையும், மேற்கொண்ட கடமைக்குக் கேடு நேராத அளவிலேயே அதனைப் போற்றியமையும் உய்த்துணரற்பாலன. இளகுதல் நற்குணமே, ஆயினும் யார்பொருட்டு இளகுவது, எவ்வளவு இளகுவது என்னும் ஆராய்ச்சியும் அதனோடு உடன்வருதல் வேண்டும். இவ்வாராய்ச்சியை அரசவையில் நிகழ்த்தும் வாய்ப்பு நம்மனோர்க்கு இல்லை. துணிக்கடையில் அடிக்கடி உண்டு.

காஞ்சிமாநகரை எடுத்துக்கொள்வோம். திருக்கோயில் வழிபாடு முடித்துக் கோபுரவாயிலைக் கடந்து வருவார்முன் ஒருவர் வந்து நிற்பர். "ஐயா, தறி நெசவு பார்க்கலாம் வாருங்கள், வாங்க வேண்டுவதில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்" என்பர். அவர் நெசவாளரும் அல்லர், கடைக்காரரும் அல்லர். ஆள் கொண்டுவந்து விட்டதற்குக் கடையிற் கூலி பெறுந் தரகர். ஆட்டோ ஓட்டுவாருட் சிலரும் இத்தொழிலை உடன் நடத்துவர். கடையின் முற்றத்தில் ஒரு தறி இருக்கும். அதனைக் காட்டி முடித்ததும் உள்ளறைக்கு அழைத்துச் செல்வர். வெள்ளை விரிப்பின்மேல் அமர்ந்த அளவில் காபியோ சோடாவோ வரும். "வேண்டா" என்று சொல்லி முடியுமுன்னரே முதற் சேலை விரிந்துவிடும். அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. "போதும்" என்றால் "பார்ப்பதற்குக் காசா அம்மா?" என்னும் மறுமொழியோடு இன்னும் ஐந்து விரியும். மடிப்புக் குலைந்த பட்டுக் குவியல் முழங்காலளவு உயர்ந்தபின், விரித்தவர் கையை நிறுத்தி, ஒன்றும் பேசாது நம் முகத்தையே நோக்குவர். வந்தவர் வீழ்வது பெரும்பாலும் அந்நோக்கினாற்றான்; சொல்லினால் அன்று.

எமக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், மகள் திருமணத்திற்கு 12,000 ரூபாய்க்குள் ஒரு கூறைப்புடவை எடுக்கக் கருதிச் சென்றவர், 28,000 ரூபாய்ப் புடவையோடு மீண்டார். விலையைக் கேட்டு அவர் தயங்கியபொழுது, விற்பவர் அவரை விடுத்து அருகிருந்த மகளை நோக்கி, "அப்பாவுக்கு நீ ஒரே பெண்ணாம்மா?" என்று மட்டும் வினவினாராம். அதன்பின் அவ்வாசிரியர் பேசுதற்கு யாதுளது? திருமண விருந்திற்கென வைத்திருந்த பணம் புடவைக்குச் சென்றது. விருந்திற்குக் கடன் வாங்கினார். அவரை ஏமாற்றினார் என்று சொல்லுதற்கில்லை. புடவை நல்ல புடவை. விலையும் அதற்குத் தக்கதே. பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை. அங்ஙனமாயின் அங்கே நிகழ்ந்த தவறுதான் யாது? அது விற்றவர் தவறா, வாங்கியவர் தவறா? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

சட்டம் இவ்வினாவிற்கு ஓரளவே விடை தரும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தத்திற்கு உடன்படுவோர் தம் விருப்புரிமையோடு உடன்படுதல் வேண்டும் என விதித்து, அவ்வுரிமையைக் கெடுப்பன ஐந்து என எண்ணிக் கூறுகின்றது: வலுக்கட்டாயம், தகாத செல்வாக்கு, வஞ்சனை, பொய்க்கூற்று, பிழைபட உணர்தல் என்பன. இவ்வைந்தனுள் நாணம் இல்லை. முகநாணத்தால் ஒருவர் தந்த உடன்பாடு சட்டத்தின்முன் முழு உடன்பாடே. இதனைச் சட்டத்தின் குறையென்று யாம் கூறோம். கூச்சப்பட்டு வாங்கினேன் என்பாரையெல்லாம் வழக்குமன்றம் கேட்கப் புகுந்தால், ஊரில் ஒரு வாணிகமும் நடவாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பழுதுள்ள பொருளைத் திரும்பக் கொள்ள மறுத்தல், பொய்விளம்பரம் செய்தல் முதலியவற்றைக் கடிகின்றதேயன்றி, பழுதில்லாப் பொருளை நாணத்தால் வாங்கிய நம் ஆசிரியர்க்கு அதனாற் பயன் சிறிதும் இல்லை.

எனவே உள்ளத்தின் இயல்பு கொண்டே இதனை ஆராய்தல் வேண்டும். நம் நூல்கள் உயிரின் தொழிற்பாட்டை இச்சை, அறிவு, செயல் என மூவகைப்படுத்தும். ஒன்றனை விழைந்து, அதனை இன்னதென அறிந்து, பின்னர்ச் செய்வதே ஒருவன் தன்செயலாம். அவ்வாசிரியர் பணத்தை எண்ணிக் கொடுத்தாராதலின் செயல் அவருடையது. விழைவோ அவருடையதன்று, அவர் விழைந்தது 12,000 ரூபாய்ப் புடவை. அறிவும் அவருடையதன்று, விருந்திற்குக் கடன் வாங்க நேரும் என்பதை அந்நேரத்தில் அவர் அறிவு காணாதொழிந்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்றும், பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டுவது அதற்கு உவமை என்றும் சைவ சித்தாந்தம் கூறுவதை இவ்விதழ் படிப்பார் நன்கறிவர். அரைமணி நேரம் ஒருவர் சொல்லையே கேட்டு, அவர் விரித்த பட்டையே பார்த்து, அவர் தந்த காபியைக் குடித்து இருந்தவர்க்கு அவர் விழைவே தம் விழைவாகத் தோன்றுதல் வியப்பன்று. இத்துணைப் பெரிய கருத்தைத் துணிக்கடைக்குக் கொணர்தல் தகுமோ எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். மடத்தில் மட்டும் விளங்கிக் கடையில் விளங்காத கருத்தென்று அதனை யாம் எண்ணியதில்லை.

மேனாட்டார் இதனை வேறொரு வழியால் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டு உளநூற் பேராசிரியராகிய இராபர்ட்டு சியால்டினி என்பார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், ஒருவரை இணங்கச் செய்யும் வழிகளை ஆறாக வகுத்தார். சிறிது கொடுத்துக் கைம்மாற்றுக் கடமை உண்டாக்கல், சிறிய உடன்பாட்டைப் பற்றிக்கொண்டு பெரியதற்கு இழுத்தல், பிறரும் அவ்வாறே செய்கின்றனர் எனக் காட்டல், அன்பு பாராட்டல், வல்லார் வாக்கென மொழிதல், பொருள் அருகியது எனல் என்பன அவை. இவற்றை எந்நூலிலும் படியாத நம் அங்காடியார் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர் என்பதே எமக்கு வியப்பு. காபி முதலாவது, "சும்மா பாருங்கள்" என்பது இரண்டாவது, "காலையில் ஒரு டாக்டர் வீட்டு அம்மா இதே நிறத்தில் மூன்று எடுத்தார்கள்" என்பது மூன்றாவது, பார்த்த அளவில் "அக்கா" எனக் கூவுவது நான்காவது, "இந்த நிறத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது" என்பது ஆறாவது. ஐந்தாவதற்கு உள்ளேயிருந்து முதலாளியே எழுந்து வருவார்.

அற்றேல், வாங்குவாரை இணங்கச் செய்வதெல்லாம் குற்றமோ எனின், அன்று. தன் சரக்கின் நலத்தை எடுத்துரைத்தல் வணிகனுக்குரிய அறமேயாம். சொல்லாதுவிட்டால் வாங்குவோர்க்குத் தெரியாத செய்தி எத்தனையோ உள. காஞ்சிப் பட்டிற் கோர்வை என்று ஒரு வேலைப்பாடு உண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைதற்பொருட்டு மூன்று நாடா இட்டு, இரு புறக் கரையையும் உடலோடு கோத்து நெய்வது அது. ஒருவர் நெய்ய மற்றொருவர் உடனிருந்து உதவுதல் வேண்டும். ஆதலின் அதற்கு விலை மிகுதி. சரிகையோ, பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாயின் ஒரு விலை, செம்பின்மேல் முலாமிட்டதாயின் மற்றொரு விலை. 2004ஆம் ஆண்டு முதல் வழங்கும் பட்டு முத்திரை, பொருள் தூய பட்டென்பதற்குச் சான்றாவதன்றிச் சரிகையின் தரத்திற்குச் சான்றாகாது. இவற்றையெல்லாம் விளங்கச் சொல்லி, "இதனால் இவ்விலை, உங்களுக்கு அவ்வளவு வேண்டாவாயின் இது இருக்கிறது" என்று காட்டும் கடைக்காரர் எத்துணைநேரம் பேசினும் அவர் செய்வது கற்பித்தலே. பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரது நடுவுநிலையைப் புகழ்ந்துரைத்தார். அவர்தம் மரபினர் என இத்தகையோரைச் சொல்லலாம்.

வேறுபாடு ஓரிடத்தில் தோன்றுகின்றது. விற்பவர் வாங்குவோரது அறிவை நோக்கிப் பேசுங்காறும் அது வாணிகம். அறிவை விடுத்து அவரது நாணத்தை நோக்கிப் பேசத் தொடங்கியவழி அது பிறிதொன்று. "அப்பாவுக்கு நீ ஒரே பெண்ணாம்மா?" என்ற வினா புடவையைப் பற்றியதன்று, அதனாற் பட்டின் தரமோ சரிகையின் தூய்மையோ சிறிதும் விளங்கவில்லை. ஒரு தந்தையின் அன்பை அவன் மகள்முன் விலைபேசிய வினா அது. பொய் ஒன்றும் அதில் இல்லாமையே அதனைக் கொடிதாக்கிற்று; பொய்யாயின் மறுத்திருக்கலாம். ஆகவே விற்றவர்மேல் தவறு உண்டென்பதே எம் துணிபு. பேரத்தை இதனோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. விலையைக் கூட்டியும் குறைத்தும் பேசும்பொழுது இருவரும் விழிப்போடுதான் இருக்கின்றனர். நம் பாட்டிமார் அதனை ஒரு விளையாட்டாகவே நடத்தினர்.

வாங்கியவர்மேல் தவறில்லையோ? கண்ணோட்டத்தால் அன்றோ அவர் இளகினார் எனின், அவர் இளகியது யார்பொருட்டு என்று பார்த்தல் வேண்டும். விற்பவர்மேல் இரங்கினாரல்லர், தம்மைப் பிறர் கஞ்சர் என எண்ணுவரே என்று அஞ்சினார். அஃது அச்சம், கண்ணோட்டத்தின் உடை உடுத்து வந்தமையால் அடையாளம் தெரியவில்லை. மேலும் அவர் கொடுத்த பணம் அவர் ஒருவருக்கே உரியதன்று. விருந்துண்ண வரும் சுற்றத்தார்க்கும், கடனை உடனிருந்து தீர்க்கப்போகும் மனைவிக்கும் உரியது. கடமைக்குக் கேடு நேராத அளவில் என்று வள்ளுவர் வரம்பிட்டது இதற்காகவே போலும். ஆயினும் அவர்மேற் பெரும்பழி சுமத்த எமக்கு மனம் வரவில்லை. மகள் முன்னிலையில் அவ்வினாவைக் கேட்டு அசையாதிருக்கும் தந்தையர் எத்துணையர்?

இனி, உண்மையாகவே விற்பவர்மேல் இரக்கங்கொண்டு வாங்குவாரும் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளுதற்கில்லை. துணிக்கடைகளில் நின்று விற்கும் இளைஞரும் பெண்களும் பெரும்பாலும் தொலைவூர்களிலிருந்து வந்தோர். காலை முதல் இரவுவரை நின்றகாலினராய் உழைப்போர். 2010ஆம் ஆண்டில் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் சென்னை அரங்கநாதன் தெருவில் இவர்தம் வாழ்வு எத்தன்மைத்து என்பதைக் காட்டிற்று. திரைப்படம் பார்க்கும் வழக்கம் எமக்கு மிகுதியாக இல்லை. அதனை மட்டும் மாணவர் ஒருவர் வற்புறுத்தப் பார்த்தோம். அவ்வற்புறுத்தலை யாம் குற்றமென்று கொள்ளவில்லை. இவர்கள் பணியிடையே அமர்தற்கு இருக்கை தரல் வேண்டும் என்பதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலும் அதற்கான திருத்தங்கள் செய்யப்பெற்றன. இத்தனை துணி விற்றல் வேண்டும் என அளவு குறித்து, அதனை எட்டியவர்க்கே ஊக்கத்தொகை தரும் கடைகளும் உள. ஆதலின் நம்மை நெருக்கும் அவ்விளைஞர் பின்னே வேறொருவரால் நெருக்கப்பட்டு நிற்கின்றார். "இன்று ஒன்றுகூட விற்கவில்லை அக்கா" என்று அவர் கூறுவது பெரும்பாலும் மெய்யே.

அங்ஙனமாயின் அவர்பொருட்டு வாங்கிவிடுதல் அறமன்றோ எனின், அன்றென்பேம். 3,000 ரூபாய்த் துணியை இரக்கத்தால் வாங்கினால் அதில் அவர் கைக்குச் சேர்வது மிகச் சிறிது. பெரும்பகுதி முதலாளிக்கே செல்லும். அதனினும் கேடு ஒன்று உளது. நெருக்கினால் விற்கும் என்பது நம்மால் உறுதிப்படும். நாளை அவர்க்குக் குறிக்கப்படும் அளவு உயரும். அவ்விளைஞர்க்கு நாம் செய்யத்தக்க நன்மை வேறு. முதற்கண் நமக்கு வேண்டியதையும் நம் பணவளவையும் தெளிவாகச் சொல்லி, வீணே நூறு துணி விரியாமற் காத்தல். இரண்டாவது, அவர் நன்கு காட்டி நாம் வாங்கினால், பெயரைக் கேட்டு முதலாளியிடம் ஒரு நற்சொல் சொல்லிவிட்டு வருதல். வெயிலுக்கு ஒதுங்கிப் பொழுதுபோக்காகக் கடையேறி, வாங்கும் எண்ணமே இன்றி அடுக்கையெல்லாம் குலைக்கச் செய்து, "ஒன்றும் நன்றாக இல்லை" என்று எழுந்து போவாரும் உளர். விற்பவர் நெருக்கத்தைப் பழிக்கும் வாய் இவரையும் பழித்தல் வேண்டும். தாமே கேட்டு விரிக்கச் செய்தவற்றிற்கு வாங்குவோர் ஒருவாற்றாற் கடமைப்பட்டவரே. வாங்கும் கடமையன்று, மதித்துப் பேசும் கடமை. "போதும்" என்றபின் விரிந்தவற்றிற்கு அக்கடமையும் இல்லை.

மறுத்தற்கும் ஒரு முறை உண்டு. சென்ற ஆண்டு ஒரு கடையில் எமக்கு அருகே இருந்த மூதாட்டியார் ஒருவர் மறுத்தது இன்னும் நினைவில் உளது. பத்துப் பன்னிரண்டு சேலை விரிந்தபின் அவர், "தம்பி, பொறுமையாகக் காட்டினாய், நன்றாக இரு. நான் நினைத்து வந்தது இதில் இல்லை. இனி விரிக்காதே, வாங்கமாட்டேன்" என்றார். "இல்லை பாட்டி, இதை மட்டும் பாருங்கள்" என்றார் இளைஞர். "வாங்கமாட்டேன் என்று சொன்னேனே அப்பா" என்று அதே குரலிற் சொல்லி, அருகிருந்த சேலையின் ஒரு முனையைத் தாமே பிடித்து மடிக்கத் தொடங்கினார். அவ்விளைஞர் சிரித்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒருவர்க்கும் முகம் வாடவில்லை. காரணம் கூறாமை அம்மூதாட்டியார் செய்த நுட்பம். நிறம் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னால் வேறு நிறம் வரும். விலை மிகுதி என்றால் விலை குறையும். கணவரைக் கேட்டல் வேண்டும் என்றால் கைப்பேசியில் அழையுங்கள் என்பர். முடிவைச் சொன்னாரே அன்றி வழக்கிற்கு இடம் தரவில்லை.

இதற்கு மாறாக நம்மிற் பெரும்பாலார் கைக்கொள்ளும் வழி, "பிறகு வருகிறோம்" என்று சொல்லி நழுவுதல். இஃது எவர்க்கும் தீங்கு பயவாத பொய் என்பர் சிலர். தீங்கு உண்டு. அச்சொல்லை நம்பி, இரண்டு சேலையைத் தனியே எடுத்துவைத்து மாலைவரை காத்திருக்கும் புதுப்பணியாளரை யாம் கண்டிருக்கின்றோம். பழகிய பணியாளர் அதனை நம்பார். ஆனால் அவர் அதனாற் கற்றுக்கொள்வது, வாங்குவோர் சொல்லும் "வேண்டா" என்பதற்கும் பொருள் இல்லை என்பது. நாம் சொல்வனவற்றிற் பாதி பொய்யாயின், அவர் நம் சொல்லை மதியாது மேலும் நெருக்குதல் அவர் குற்றம் மட்டுமோ?

தெருவிற் கூவி விற்பார் வகை வேறு. பேருந்து நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சும், புகைவண்டியில் வேர்க்கடலையும், கோயில் வாயிலிற் பூவும் கொண்டு பின்தொடர்வாரை யாம் மேற்கூறியவரோடு ஒப்பக் கருதவில்லை. அவர் நெருக்குவது அன்றைய உலைக்காக. விற்ற காசும் அவர் கைக்கே செல்லும். அவரிடம் வேண்டாத பூவை 20 ரூபாய்க்கு வாங்குவது கொடையாகலாம். கொடையென்று அறிந்து கொடுத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. கொடுத்துவிட்டுப் பின்னர், "துரத்தித் துரத்தி விற்றுவிட்டாள்" என்று வீட்டில் வந்து முணுமுணுப்பவர் கொடுத்தவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். வேண்டாவாயின் அங்கும் முகம் பார்த்து, "வேண்டாம் அம்மா" என்று ஒருமுறை சொல்லலாம். அவர் இல்லாதவர்போல் எங்கோ பார்த்துக்கொண்டு நடப்பதே மறுத்தற்குரிய நாகரிகம் என இப்பொழுது பலர் எண்ணுகின்றனர். அதனை யாம் வெறுக்கின்றோம்.

இக்காலத்தில் அங்காடி கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆங்கும் இந்நெருக்கம் உண்டு. காப்பீடு வேண்டுமோ என ஒரு கேள்வி; அதன்கீழ் இரண்டு விடைகள்: "ஆம், பாதுகாப்பை விரும்புகிறேன்" என்பது ஒன்று, "இல்லை, ஆபத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்பது மற்றொன்று. மறுப்பவரை நாணச் செய்யும் இவ்வழியையும், இன்னும் சில நிமிடங்களே உள எனப் பொய்யாக விரைவுபடுத்துவதையும், கேளாத பொருளைக் கூடையிற் சேர்ப்பதையும் உள்ளிட்ட 13 வகைச் சூழ்ச்சிகளை 2023ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் விலக்கியுள்ளன. ஒப்பந்தச் சட்டம் எண்ணாது விட்ட நாணம், 151 ஆண்டுகட்குப் பின்னர் இவ்வழியாற் சட்டத்துள் ஒருவாறு இடம்பெற்றது எனலாம். எமக்கு இதில் விந்தையாகத் தோன்றுவது, அக்கண்ணாடிப் பலகையில் எதிரே ஒருவரும் இல்லாதிருந்தும் மக்கள் "இல்லை" என்பதைத் தொடத் தயங்குவது. விற்பவர் முகம் வாடுமே என்று தயங்கினோம் என்று சொல்லிக்கொண்டவர்க்கு இங்கே அவ்விடை பயன்படாது.

துணிக்கடையில் எல்லாம் முடிந்து பணம் கட்டும் இடத்திலும் ஒன்று எஞ்சியிருக்கும். "உங்கள் கைப்பேசி எண்?" என்று கேட்பர். அதனைத் தந்தால், வீடு வந்த பின்னும் ஆடித் தள்ளுபடியும் தீபாவளிப் புதுவரவும் நாள்தோறும் வந்து கதவைத் தட்டும். எண் தாராதார்க்குச் சீட்டுப் போட இயலாது என்று சில கடைகளிற் சொல்வர். அவ்வாறு எண் கேட்டு வற்புறுத்துதல் ஆகாது என நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வணிகர்க்கு அறிவுறுத்தியுள்ளது. அம்மூதாட்டியார் சொன்ன அதே குரலில், "எண் தருவதில்லை அப்பா, சீட்டு மட்டும் கொடு" என்றால் போதும், பெரும்பாலான கடைகளிற் கொடுத்துவிடுகின்றனர்.